மழைக்குக் கரையாத மண்

ஐப்பசி மாதம் வானம் கறுத்தால் செங்கல் சூளைக்காரர்களுக்கு நெஞ்சு பதைக்கும். அறுத்துக் காயப்போட்ட பச்சைக்கல் களம் முழுக்க வரிசை வரிசையாக நிற்கும். தார்ப்பாயை இழுத்து மூடுவதற்குள் மழை இறங்கிவிட்டால் போதும். விளிம்பு மழுங்கி, மூலை சரிந்து, சில மணி நேரத்தில் அத்தனை பேருடைய உழைப்பும் சேறாகிவிடும். அதே களத்தின் மறு ஓரத்தில், சூளையிலிருந்து பிரித்து இறக்கிய கல் திறந்த வெளியில் அடுக்கிக் கிடக்கும். அதன் மேலும் அதே மழைதான் பெய்கிறது. ஆனால் அதன் நிறம் கொஞ்சம் அடர்வதைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை.

இரண்டும் ஒரே குழியில் வெட்டிய மண். ஒரே அச்சில் அறுத்தவை. பிறகு ஒன்று மட்டும் ஏன் கரைகிறது?

நெருப்பில் நன்றாகக் காய்ந்துவிட்டதால் கரையவில்லை என்று உடனே சொல்லத் தோன்றும். அந்தப் பதில் நிற்காது. சித்திரை வெயிலில் ஒரு மாதம் காய்ந்த பச்சைக்கல்லை வாளித் தண்ணீரில் போட்டால் அது கரைந்துதான் போகும். செங்கல்லால் சுற்றுச்சுவர் கட்டிய பழைய கிணறுகளிலோ, தலைமுறை தலைமுறையாகத் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் கல் உருக்குலையாமல் இருக்கிறது. ஆகவே, காய்வது வேறு, வேவது வேறு. அந்த வேறுபாட்டைப் பிடித்துவிட்டால் செங்கல் ஏன் சிவக்கிறது, கொத்தனார் ஏன் கல்லை நனைக்கச் சொல்கிறார், சுவரில் ஏன் உப்பு பூக்கிறது என்பவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கும்.

களிமண்ணுக்குள் இருக்கும் தகடுகள்

மணலை நனைத்துப் பிசைந்தால் உருண்டை பிடிக்கலாம், காய்ந்ததும் உதிர்ந்துவிடும். களிமண் அப்படியில்லை. இழுத்தால் நீளும், அழுத்தினால் வளையும், வைத்த உருவத்தில் நிற்கும். காரணம் அதன் துகள்களின் வடிவம். மணல் துகள்கள் ஏறக்குறைய உருண்டையானவை. களிமண் துகள்களோ மிக மெல்லிய தகடுகள். ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு பங்காக்கினால் வரும் ஒரு பங்குகூட அகலம் இல்லாதவை. கண்ணால் மட்டுமல்ல, சாதாரண நுண்ணோக்கியாலும் அவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பது கடினம்.

நனைந்த களிமண்ணை ஈரமான சீட்டுக்கட்டாக நினைத்துக்கொள்ளலாம். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு நீர்ப்படலம் இருக்கிறது. அது தகடுகளை ஒன்றோடொன்று பிடித்தும் வைக்கிறது, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் விடுகிறது. மண் குழைவதற்கு இதுவே காரணம்.

வெயில் பட்டால் இந்த நீர் ஆவியாகிறது. தகடுகள் நெருங்கி வருகின்றன, கல் சுருங்குகிறது. அதனால்தான் கல் அறுக்கும் அச்சை, கடைசியில் வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே செய்வார்கள். வெறும் களிமண் மட்டும் இருந்தால் சுருக்கம் அதிகமாகிக் கல் வெடித்துவிடும். மணல் கலந்த மண்ணைத் தேடுவதும், வண்டலோடு சவுடு சேர்ப்பதும் இதற்காகத்தான். மணல் சுருங்காது, நடுநடுவே நின்று கல்லின் உருவத்தைத் தாங்கும்.

இரண்டு விதமான நீர்

தகடுகளுக்கு இடையில் இருக்கும் இந்த நீரை ‘இடைநீர்’ என்று அழைப்போம். இது வெயிலுக்குப் போகும், மழைக்குத் திரும்பி வரும். வந்ததும் தகடுகள் விலகும், கல் சேறாகும். பச்சைக்கல் கரைவதன் இரகசியம் இவ்வளவுதான்.

களிமண்ணில் இன்னொரு நீர் உண்டு. தகட்டின் உடம்பிலேயே, சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் அணுக்களோடு பிணைந்து, நீராகத் தெரியாமல் அது இருக்கிறது. தொட்டால் ஈரம் இருக்காது. எத்தனை கோடை வெயிலுக்கும் அசையாது. இதைக் ‘கட்டுநீர்’ எனலாம். களிமண் கனிமங்களில் ஒன்றான கயோலினைட் தூய நிலையில் இருந்தால், அதன் எடையில் ஏறக்குறைய 14 விழுக்காடு இந்தக் கட்டுநீர்தான்.

தகடு தகடாக இருப்பதே கட்டுநீரின் தயவால். அதைப் பிடுங்கிவிட்டால் தகட்டின் அணு ஒழுங்கு குலைந்துவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றிப் பிசைந்தாலும் அது பழைய களிமண்ணாகாது. கட்டுநீரைப் பிடுங்கும் வேலையை வெயிலால் செய்ய முடியாது. அதற்குச் சுமார் 450 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் வேண்டும்.

ஒரே ஒரு கல்லைப் பின்தொடர்வோம்

அச்சிலிருந்து இப்போதுதான் விழுந்த ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். கணக்கின் வசதிக்காக அதன் எடை 4 கிலோ என்று வைப்போம். களத்தில் சில நாள் காய்கிறது. திருப்பி வைத்து மறுபக்கமும் காயவிடுகிறார்கள். இடைநீரில் முக்கால் கிலோ போய்விடுகிறது. கல் இப்போது 3.25 கிலோ. இந்தப் பொறுமை அவசியம். ஈரத்தோடு சூளைக்குள் போனால் உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரியில் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் கல்லைப் பிளந்துவிடும்.

சூளை மூட்டியதும் முதலில் எஞ்சிய ஈரம் வெளியேறுகிறது. வெண்புகையாகத் தெரிவதில் பெரும்பகுதி நீராவி. 200 டிகிரியைத் தாண்டியபின் மண்ணில் கலந்திருந்த வேர், சருகு போன்றவை கருகி எரிகின்றன. 450 டிகிரிக்குமேல் கட்டுநீர் பிரியத் தொடங்குகிறது. கல் திரும்பி வரமுடியாத எல்லையைத் தாண்டுவது இங்கேதான்.

573 டிகிரியில் ஒரு சிறிய, ஆனால் ஆபத்தான நிகழ்ச்சி. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் சட்டென்று தன் அமைப்பை மாற்றிக்கொண்டு கொஞ்சம் பருக்கிறது. ஆறும்போது அதே வெப்பநிலையில் மறுபடி சட்டென்று சுருங்கும். வெப்பம் அந்த எல்லையை மெதுவாகக் கடந்தால் கல் தாங்கும். அவசரப்பட்டுச் சூளையைப் பிரித்துக் குளிர்காற்றை உள்ளே விட்டால் மயிரிழை விரிசல்கள் விழும். நெருப்பு அணைந்த பிறகும் சூளைக்காரர்கள் நாள்கணக்கில் காத்திருப்பது இந்த அனுபவத்தால்தான்.

700 டிகிரிக்கும் 900 டிகிரிக்கும் நடுவே, மண்ணில் சுக்கான் கல் இருந்தால் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். சூளையில் இதனால் தொல்லை இல்லை. பிறகு மழையிலோ ஈரக்காற்றிலோ அந்தச் சுண்ணாம்பு நீர்த்துப் பருத்து, கல்லின் முகத்தைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்தெறியும். நல்ல சூளைகளில் மண்ணிலேயே சுக்கானைப் பொறுக்கி எறிவதும், மண்ணை நன்றாக அரைப்பதும் இதைத் தவிர்க்கத்தான்.

900 முதல் 1,000 டிகிரி வரை கடைசிக் கட்டம். மண்ணில் சிறிதளவே உள்ள பொட்டாசியம், சோடியம், இரும்பு ஆகியவை சேர்ந்து சில இடங்களில் மட்டும் உருகுகின்றன. குலைந்த தகடுகளுக்கும் மணலுக்கும் இடையில் அந்த உருகல் கசிந்து, ஆறும்போது கண்ணாடியாக உறைகிறது. துகள்கள் ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல் ஆகிவிடுகின்றன. கல்லின் வலிமை இந்தக் கண்ணாடிப் பசையிலிருந்து வருகிறது. தட்டினால் எழும் கணீரென்ற ஒலியும் அதனால்தான். உடம்பு முழுக்க ஒன்றாக இணைந்திருந்தால் அதிர்வு தடையில்லாமல் ஓடும். விரிசலோ வேகாத பகுதியோ இருந்தால் ஓசை மந்தமாகிவிடும்.

இன்னும் நெருப்பைக் கூட்டினால்? உருகல் அதிகமாகி, கல் வளைந்து, பக்கத்துக் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். செங்கல் என்பது பாதி உருகும்போது நிறுத்தப்பட்ட கல். எங்கே நிறுத்துவது என்பதே சூளைக்காரரின் கலை.

நம் கல் ஆறி வெளியே வரும்போது 3 கிலோ இருக்கும். சூளையில் குறைந்த கால் கிலோவில் பெரும்பங்கு கட்டுநீர்.

சிவப்பு எங்கிருந்து வந்தது?

பச்சைக்கல் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். சிவப்பு சூளையில் பிறக்கிறது. மண்ணில் நூற்றுக்குச் சில பங்கு இருக்கும் இரும்பு, காற்று தாராளமாகக் கிடைக்கும் நெருப்பில் ஆக்சிஜனோடு சேர்ந்து ஹெமடைட் என்னும் செந்நிற ஆக்சைடாகிறது.

காற்று போதாவிட்டால் அதே இரும்பு கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ நின்றுவிடும். சில செங்கல்களை உடைத்தால் நடுவில் கருந்திட்டு தெரியும். வெளிப்புறம் இறுகிப்போய், உள்ளே இருந்த கரி எரிவதற்குக் காற்று எட்டாமல் போனதன் தடயம் அது. கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கறுப்பு–சிவப்புப் பானைகளிலும் இதே வேதியியல்தான் இருக்கிறது. காற்றுப் பட்ட பகுதி சிவந்தது, காற்று மறைந்த பகுதி கறுத்தது. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுத்தன என்று தொல்லியலாளர்கள் விளக்குகிறார்கள்.

சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் கதை மாறும். சுண்ணாம்பு இரும்பைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு சிவப்பு எழவிடாமல் செய்யும். இலண்டனின் பழைய வீதிகளில் வீடுகள் மஞ்சளாக இருப்பதற்கு, அங்கே களிமண்ணோடு சீமைச் சுண்ணாம்பைக் கலந்து சுட்டதே காரணம்.

கால் பங்கு வெற்றிடம்

நம் 3 கிலோ கல்லுக்கே வருவோம். அதன் அளவு 230 மி.மீ. நீளம், 110 மி.மீ. அகலம், 70 மி.மீ. உயரம் என்றால் மொத்தக் கொள்ளளவு சுமார் 1,770 மில்லிலிட்டர். அதை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, எடை போடுவோம். 3.45 கிலோ காட்டுகிறது என்று கொள்வோம். குடித்தது 450 கிராம், அதாவது 450 மில்லிலிட்டர் தண்ணீர். கல்லின் எடையில் 15 விழுக்காடு. இடத்தில் கால் பங்கு!

கெட்டியாகத் தோன்றும் செங்கல்லில் கால் பங்கு, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளின் வலை. இடைநீரும் கட்டுநீரும் எரிந்த சருகும் விட்டுச்சென்ற இடம் அது. தண்ணீர் நுழைய முடியாத மூடிய துளைகள் இந்தக் கணக்கில் வரவில்லை. இந்திய தர நிர்ணய அமைவனம், சாதாரணக் கட்டடச் செங்கல் ஒரு நாள் ஊறலில் தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீர் உறிஞ்சக் கூடாது என்றும், அதிக வலிமை வகைகளில் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு வைத்திருக்கிறது. வேகாத கல்லை இந்தச் சோதனை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கொத்தனார் கல்லை நனைக்கச் சொல்வதன் காரணம் இப்போது தெளிவு. மெல்லிய துளைக்குள் நீர் தானாகவே இழுக்கப்படும். இதை நுண்புழை ஏற்றம் என்பார்கள். காய்ந்த கல்லைக் கலவை மேல் வைத்தால், கலவையின் நீரைக் கல் சில நிமிடங்களில் குடித்துவிடும். சிமென்ட் இறுகுவது காய்வதால் இல்லை, நீரோடு வேதிவினை புரிவதால்தான். நீர் பறிபோன கலவை வெறும் மணலாக உதிரும், கல்லைப் பிடிக்காது.

அஸ்திவாரத்திலிருந்து சுவரில் ஈரம் ஏறுவதும் இதே துளைகள் வழியாகத்தான். மண்ணில் கரைந்த உப்பையும் அந்த ஈரம் தூக்கிக்கொண்டு வரும். சுவர் முகத்தில் நீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கும். வெள்ளையாகப் பூத்தால் துடைத்துவிடலாம். துளைக்குள்ளேயே படிகமாகி வளர்ந்தால் அந்த அழுத்தம் பூச்சையும் கல்லின் தோலையும் பொரித்து உதிர்த்துவிடும். தரைமட்டத்துக்குச் சற்று மேலே நீர் புகாத ஒரு அடுக்கை வைத்துக் கட்டுவது இந்தப் பாதையை அறுப்பதற்கு.

துளைகளால் நன்மையும் உண்டு. அவற்றில் அடைந்திருக்கும் காற்று வெப்பம் கடத்துவதைக் குறைக்கிறது. செங்கல் சுவர் வெளிவெயிலை அதே கனமுள்ள கான்கிரீட் சுவரைவிட மெதுவாகவே உள்ளே விடுகிறது.

தண்ணீர் படும் இடத்துக்குச் சுட்ட கல்

சுடுவதற்கு விறகு வேண்டும், ஆள் வேண்டும், நாள் வேண்டும். ஆகவே பழங்காலக் கட்டடக்காரர்கள் எல்லாவற்றையும் சுடவில்லை. தண்ணீர் படும் இடத்தைப் பார்த்துச் சுட்டார்கள். இராக்கில் உள்ள ‘ஊர்’ என்னும் நகரத்தின் சிகுராத் கோபுரம் 4,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதன் வயிறு முழுக்க வெயிலில் காய்ந்த கல். மழை படும் வெளிப்போர்வை மட்டும் சுட்ட கல், நிலக்கீல் வைத்துக் கட்டியது. மொகெஞ்சதாரோவின் பெருங்குளத்துக்குச் சுட்ட செங்கலும், அதன் பின்னால் நீர் கசியாமல் நிலக்கீல் பூச்சும் இருந்தன. கீழடியில் நீர் எடுக்க இறக்கிய உறைகிணறுகளின் வளையங்கள் சுடுமண். செங்கல் கட்டுமானங்களும் அங்கே வெளிப்பட்டிருக்கின்றன. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் நடத்திய அகழாய்விலும் செங்கல் கட்டடங்கள் கிடைத்தன.

சிந்துவெளிக் கல்லின் அளவிலும் ஒரு நுட்பம் உண்டு. உயரம் ஒன்று, அகலம் இரண்டு, நீளம் நான்கு என்ற விகிதம். இரண்டு கல்லைக் குறுக்கே வைத்தால் ஒரு கல்லின் நீளத்துக்குச் சரியாக வரும். ஒரு வரியில் நெடுக்காகவும் அடுத்த வரியில் குறுக்காகவும் வைத்துக் கட்ட அது வசதி. மேல் வரியின் இணைப்புக்கு நேர் கீழே இன்னொரு இணைப்பு வராது. சுவரில் நீண்ட பிளவு விழாது.

அந்தக் கல் எவ்வளவு நன்றாக வெந்திருந்தது என்பதற்குச் சான்றாக அதன் துயரக் கதையே இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் லாகூர்–முல்தான் ரயில்பாதை போட்டபோது, ஹரப்பா மேட்டிலிருந்து செங்கலைப் பெயர்த்துத் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டினார்கள். ஏறக்குறைய 100 மைல் பாதைக்கு அது போதுமானதாக இருந்தது என்று தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் பதிவு செய்திருக்கிறார். 4,000 ஆண்டுக் கல் ரயிலைத் தாங்கியது. ஒரு நகரத்தின் சான்றுகள் அதோடு அழிந்தன.

நெருப்பை நடக்கவைத்தவர்கள்

பச்சைக்கல்லை அடுக்கி, கீழே விறகு மூட்டி, வெளியே மண் பூசும் நாட்டுச் சூளையில் வெப்பம் ஒரேமாதிரி இருப்பதில்லை. நெருப்பை ஒட்டியவை உருகும். வெளி வரிசை வேகாது. நடுவில் இருப்பவைதான் முதல் தரம். அதோடு, கல் ஆறும்போது அத்தனை வெப்பமும் வீணாகக் காற்றில் போகும்.

ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் ஹாஃப்மன் 1858-இல் காப்புரிமை பெற்ற சூளை இதை மாற்றியது. சுற்றுப்பாதையில் கல்லை அடுக்கி, நெருப்பை அந்தப் பாதையில் மெல்ல நகர்த்தினார். நெருப்புக்கு வரும் காற்று, ஏற்கெனவே வெந்து ஆறும் கல்லின் ஊடாகச் சூடேறி வரும். நெருப்பைத் தாண்டிப் போகும் சூடான புகை, இன்னும் வேகாத கல்லைக் காயவைத்துவிட்டுப் புகைபோக்கிக்குப் போகும். கல் இருந்த இடத்திலேயே இருக்க, நெருப்பு நாள்தோறும் சில அடி நடக்கும்.

இதையே செலவு குறைத்து, மேற்கூரை இல்லாத அகழியாக 1876-இல் புல் என்ற ஆங்கிலப் பொறியாளர் அமைத்தார். இந்தியாவில் உயரமான புகைபோக்கியோடு காணப்படும் சூளைகளில் பல அவர் வழி வந்தவை. அண்மைக் காலத்தில் கல்லைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் காற்றை வளைந்து வளைந்து ஓடவைக்கும் ஜிக்ஜாக் முறை பரவுகிறது. காற்றும் எரிபொருளும் நன்றாகக் கலப்பதால் நிலக்கரிச் செலவும் கரும்புகையும் குறைகின்றன. இது சிறிய விஷயமில்லை. செங்கல் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்து உலகில் இந்தியாதான். சூளை வேலை செய்பவர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள். வளமான மேல்மண்ணும் சேர்ந்து எரிகிறது. அனல்மின் நிலையச் சாம்பலைச் சுண்ணாம்பு அல்லது சிமென்ட்டோடு சேர்த்து, சுடாமலே இறுகவைக்கும் சாம்பல் கல் இதற்கு ஒரு மாற்று.

கல் திரும்ப வாங்கும் நீர்

கட்டுநீர் போனால் போனதுதானா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. சூளையைவிட்டு வந்த நொடியிலிருந்து செங்கல் காற்றின் ஈரத்தில் மிகச் சிறிதளவை மெல்ல மெல்லத் தன் அணு அமைப்புக்குள் பிணைத்துக்கொள்கிறது. கண்ணாடிப் பசையால் இறுகிவிட்டதால் அது மறுபடி களிமண்ணாவதில்லை. ஆனால் எடை கூடுகிறது, கல் இம்மியளவு பருக்கிறது.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் மொய்ரா வில்சன் குழுவினர் இதை அளந்து, 2009-இல் ஒரு விதியை முன்வைத்தார்கள். காலம் 16 மடங்கானால் எடை கூடுதல் இரண்டு மடங்கு. 81 மடங்கானால் மூன்று மடங்கு. 10,000 மடங்கானால் பத்து மடங்கு. முதலில் வேகம், பிறகு மேலும் மேலும் நிதானம், ஆனால் நிற்பதே இல்லை. அப்படியானால் பழைய கல்லைச் சூடாக்கி அது சேர்த்த நீரை வெளியேற்றி, எடைக் குறைவை அளந்து, பிறகு அது மறுபடி நீர் சேர்க்கும் வேகத்தையும் பார்த்தால், கல் கடைசியாக எப்போது நெருப்பைக் கண்டது என்று கணிக்கலாம்.

இங்கிலாந்தின் கான்டர்பரி நகரத்து இடைக்காலக் கல் ஒன்றை இப்படிச் சோதித்தபோது வயது சுமார் 66 ஆண்டு என்று வந்தது. நூற்றாண்டுகள் பழமையான கல்லுக்கு இது எப்படிப் பொருந்தும்? தேடியபோது விடை கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில், 1942-இல், அந்தப் பகுதி தீக்குண்டு வீச்சில் எரிந்திருந்தது. அந்தத் தீ கல்லிலிருந்து சேர்ந்த நீரையெல்லாம் விரட்டி, கணக்கை முதலிலிருந்து தொடங்கிவைத்திருந்தது. எல்லா மண்ணுக்கும் இந்த முறை ஒரே துல்லியத்தோடு பொருந்துகிறதா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே தொடர்கிறது.

வீடு கட்டுபவருக்கும் இந்த விதியில் பாடம் இருக்கிறது. அதன்படி கணக்குப் போட்டால், முதல் ஓராண்டில் நடக்க வேண்டிய மாற்றத்தில் ஏறக்குறைய கால் பங்கு முதல் நாளிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டு வாரத்தில் 44 விழுக்காடு. சூளையிலிருந்து சூடாக வந்த கல்லை அன்றே சுவரில் வைத்தால், அது பருப்பதெல்லாம் சுவருக்குள்ளே நடந்து, நீண்ட சுவர்களில் விரிசலாக வெளிப்படும். இறக்கிய கல்லைக் குறைந்தது இரண்டு வாரம் களத்திலேயே ஆறப்போடுவதும், நீளமான சுவர்களில் இடைவெளி விட்டுக் கட்டி அதை நெகிழும் பொருளால் நிரப்புவதும் அந்த விரிசலைத் தடுக்கும் இரண்டு எளிய வழிகள்.